கழிவு கேனையும் எடை போடச் சொல்லுங்கள்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இங்கே எம்.எஸ்சி. முடித்து ஐதராபாத்துக்கு ரயிலேறி, பெப்டைடு (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி) ஆய்வகம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே முதல் வாரம் எனக்குக் கிடைத்த வேலை கழிவு கேன் மாற்றுவது. காலையில் வைத்த கேன் மதியச் சாப்பாட்டுக்குள் நிறைந்துவிடும். அத்தனையும் வடிந்த பாத்திரத்தின் அடியில் இருப்பதோ ஒரு கைப்பிடி ரெசின் என்னும் பிளாஸ்டிக் மணி. கேனில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஐந்து வருடப் படிப்பில் விளைச்சல் சதவீதம் கணக்குப் போட்டிருக்கிறேனே தவிர, கழிவை ஒரு தடவைகூட எடை போட்டதில்லை.

உங்களுக்குத் தெரிந்த வேதியியல்தான். 1963இல் அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்டு காட்டிய வழி: சங்கிலியின் ஒரு நுனியை ரெசினில் கட்டிவிட்டு, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோப்பது. 1984இல் அதற்கு நோபல் பரிசு. வடிகட்டினாலே சுத்தமாகிவிடும் என்பதுதான் அதன் அழகு, சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு அமினோ அமிலத்தைக் கோக்கும்போதும் பைப்பரிடின் என்ற காரத்தை ஊற்றி எஃப்மாக் என்ற பாதுகாப்பு மூடியைக் கழற்று, கழுவு, கப்ளிங் செய் (அடுத்ததை இணை), மறுபடி கழுவு. கழுவுவது பெரும்பாலும் டிஎம்எஃப் என்ற கரைப்பானால். கிளைசின் என்ற அமினோ அமிலத்தைப் பாருங்கள்: சங்கிலியில் சேர்வது 57 கிராம் என்றால், எஃப்மாக் மூடியோடு போடுவது 297 கிராம். அதையும் தேவைக்கு மேலேதான் போடுவோம். இப்படித் தயாரிக்கும் பெப்டைடு மருந்து ஒரு கிலோவுக்கு உள்ளே போகும் பொருள் மொத்தம் சராசரியாக ஏறக்குறைய 13,000 கிலோ. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி முழுக்கக் கரைப்பானாக இருந்தால் எப்படியோ, அப்படி. சாதாரண மாத்திரை மருந்துகளுக்கு இது சில நூறு கிலோவில் முடிந்துவிடும்.

டிஎம்எஃப் வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. 2023 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 31 அமினோ அமிலம் கொண்ட செமாகுளூடைடு போன்ற நீரிழிவு மருந்துகளுக்கு இருக்கும் கிராக்கியில், நம் பிள்ளைகள் பலர் இந்தக் கேன்களின் பக்கத்தில்தான் நிற்கப்போகிறார்கள்.

மாற்று வழிகள் வராமல் இல்லை. டிஎம்எஃபுக்குப் பதில் பியூட்டைல் பைரோலிடினோன், அல்லது எத்தில் அசிட்டேட்டும் டிஎம்எஸ்ஓவும் கலந்த கலவை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் துணிச்சலானது: மூடி கழற்றும் காரத்தை ஆவியாக்கி நைட்ரஜனால் ஓட்டிவிட்டு, இடையில் கழுவுவதையே விட்டுவிட்டார்கள், கழிவு 95% வரை குறைந்தது. கரைப்பானை மாற்றுவதைவிடக் கழுவலைக் குறைப்பதுதான் பெரிய லாபம் என்பது என் கட்சி. எல்லாக் கரைப்பானிலும் ரெசின் உப்பாது, எல்லா அமினோ அமிலமும் கரையாது.

தண்ணீரில் செய்தால் பசுமை என்று சொல்பவர்களும் உண்டு. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாற்றைப் பார்த்து வளர்ந்தவனிடம் அதைச் சொல்ல வேண்டாம். சாயப்பட்டறையில் இருந்து வந்ததும் தண்ணீர்தான்.

எனக்குப் பிடித்த வழி என்சைம். கறி வேக நம் வீட்டில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அந்தப் பாலில் இருக்கும் பப்பெயின் என்ற என்சைம் புரதத்தின் பிணைப்பை அறுக்கும். விளைபொருள் கரையாமல் படிந்துவிடும்படி அமைத்தால் அதே பப்பெயின் பிணைப்பைப் போடவும் செய்யும். வேதியியலாளர்கள் பெர்க்மானும் ஃபிரேங்கல் கான்ராட்டும் 1937இலேயே காட்டியது. மெரிஃபீல்டுக்கு 26 வருடம் முந்தியது இது! பப்பாளிப் பாலுக்கென்றே கோ 5 என்று ஒரு ரகம் கோவையில் உண்டாக்கிய நாட்டில், எம்.எஸ்சி. முடிக்கும்வரை இது என் காதில் விழவில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு செய்முறை. அஸ்பார்டேம் இனிப்பின் முன்பொருளான டைபெப்டைடை (இரண்டு அமினோ அமிலம் சேர்ந்தது) ஒரு குழு கார்போடைஇமைடு என்ற இணைப்பு வேதிப்பொருள் போட்டு டிஎம்எஃபில் செய்யட்டும். இன்னொரு குழு தெர்மோலைசின் என்சைம் போட்டுத் தண்ணீரில் செய்யட்டும். அஸ்பார்டிக் அமிலத்தின் பக்கக் கையில் இருக்கும் இன்னொரு அமில முனையையும் மூடி வைக்க வேண்டிய தொல்லை முதல் குழுவுக்கு. என்சைமுக்கு எந்தக் கை என்று தானே தெரியும். என்சைம் விலை அதிகம்தான், ஆனால் ஒரு வகுப்புக்கு வேண்டியது சில மில்லிகிராம். முடிந்ததும் இரண்டு குழுவும் கழுவிய தண்ணீர், வடிதாள், கையுறை உட்பட எல்லாவற்றையும் தராசில் வைத்து, ஒரு கிராம் பொருளுக்கு எத்தனை கிராம் கழிவு என்று ரெக்கார்டு நோட்டில் எழுதட்டும். விளைச்சலுக்கு எத்தனை மதிப்பெண்ணோ அத்தனை இதற்கும்.

தண்ணீர்க் குழு தோற்றாலும் தோற்கலாம். நீர்த்த கரைசலில் செய்தால் அவர்கள் கேன்தான் கனமாக இருக்கும். அப்படி வந்தால் அதையும் அடிக்காமல் திருத்தாமல் எழுதச் சொல்லுங்கள். செய்முறைத் தாளை நானே எழுதித் தருகிறேன். முதல் வருடம் ஆய்வகத்துக்கு வந்து கூட நிற்கவும் தயார்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
கன்னங்குறிச்சி, சேலம்.