லேபிள் இல்லாத பூச்சி மருந்து விற்பனையை நிறுத்தக் கோரும் மனு

பெறுநர்: பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள், பினாங்கு
அனுப்புநர்: ஜெலுத்தோங் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மார்ச்சிலும் ஜூனிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் பிளாட்டுக்குக் கீழே பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போடும் சந்து தங்களுக்குத் தெரிந்த இடம்தான்.

1. அங்கே கரப்பான் மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஐந்து வெள்ளிக்கு விற்கிறார்கள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவாகாத மருந்தை விற்கக் கூடாது. பதிவான மருந்தின் லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று, வாரியத்தின் மலாய்ப் பெயரின் சுருக்கத்தோடு தொடங்கும் எண் இருக்கும். இந்தப் பாட்டில்களில் லேபிளே கிடையாது.

2. மாடிப்படிகளில் மருந்தடிக்க வருபவரும் லைசென்ஸ் காட்டுவதில்லை.

3. ஆகஸ்டில் என் பேரன், நான்கு வயது, அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டான். தண்ணீர் கலந்ததும் பால் மாதிரி வெளுத்திருந்தது, பால் என்றே நினைத்திருக்கிறான். வாயெல்லாம் எச்சில் ஒழுகியது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" பாட்டிலைக் காட்டினேன். அதில் தண்ணீர்க் கம்பெனியின் மலைப் படம்தான் இருந்தது. மிண்டென் யூ.எஸ்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்துக்குப் போன் செய்தால் அவர்களும் பெயரைத்தான் கேட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்றால் முறிவு மருந்து அட்ரோபின், ரத்தத்தை உறையவிடாத எலி மருந்து என்றால் வைட்டமின் கே. எதென்று தெரியாமல் எதைக் கொடுப்பார்கள்? அறிகுறியைப் பார்த்தே டாக்டர் வைத்தியம் செய்தார். மூன்று நாள் வார்டில் கிடந்தான். அதை வாங்கி வந்தது நான்தான் ஐயா, மறைக்கவில்லை. இப்போது தண்ணீர் நீட்டினால் முதலில் மோந்து பார்க்கிறான்.

4. இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்? போன வாரமும் அதே மேசை, அதே பாட்டில்கள், பக்கத்திலேயே குழந்தைகளுக்குச் சோளம் விற்கிறார்கள். ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு வந்து பாருங்கள், நானே கூட வந்து காட்டுகிறேன். சட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது, கீழே வந்து பார்க்க ஓர் ஆள்தான் இல்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்பது அதேதான். அந்தப் பாட்டில்களைப் பறிமுதல் செய்யுங்கள். பதிவு எண்ணும் எச்சரிக்கையும் இல்லாத எந்த மருந்தையும் அந்தச் சந்தில் விற்கவிடாதீர்கள். மருந்தடிப்பவரின் லைசென்ஸைப் பாருங்கள். அப்புறம், இந்த முறையாவது ஒரு வரி பதில் எழுதுங்கள் ஐயா.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள் சார்பில், நான்காம் மாடிப் பாட்டி