விளைச்சலைக் கடவுளிடம் விட்டுவிடு, மகளே

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு,

சேசுவுக்கே புகழ். உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் அறைத் தோழியிடம் இத்தனை நாளாக இயேசுவைப் பற்றிச் சொல்லியும் அவளிடம் எந்த மாற்றமும் இல்லை, என் சாட்சியத்தில்தான் ஏதோ குறை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் மனம் வலித்தது. ஒருவரின் உள்ளத்தைத் திருப்பும் வேலையை உன்னிடம் யார் ஒப்படைத்தார்கள்? சொல்வது உன் கடமை. அதற்கு மேல் நடப்பது அவர் பாடு.

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் படி. விதைத்தவன் தூங்கி எழுகிறான். விதை எப்படி முளைத்தது என்று அவனுக்கே தெரியாது. நம் ஊர் மணலில் பனங்கொட்டை போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே பச்சை தெரிய மாதக்கணக்கில் ஆகும். ஆசைப்பட்டுத் தோண்டிப் பார்த்தால் கிழங்குதான் கிடைக்கும், மரம் கிடைக்காது. நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் ஒருவர், விளையச் செய்தவர் கடவுள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இதைத்தான்.

சிறுமியாக ஓரியூருக்கு வந்து செம்மண் அள்ளி நெற்றியில் பூசிக்கொள்வாயே, அந்த அருளானந்தரை, போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ அடிகளை, நினைத்துப் பார். 1686-இல் மறவர் சீமையில் பிடித்து வதைத்து, இனி இந்த மண்ணை மிதிக்கக் கூடாது என்று விரட்டினார்கள். பிறந்த ஊரான லிஸ்பன் வரை போனவர், திரும்பவும் இங்கேதான் வந்தார். மறவர் அரச குடும்பத்துத் தடியத்தேவர் நோயில் கிடந்து அவரை அழைத்தபோது, முதலில் போய்ப் படுக்கையருகே நற்செய்தி வாசித்தவர் மறைக்கல்வி சொல்லித்தரும் ஓர் உபதேசியார். உபதேசியாராக இருந்த எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். தேவர் குணமாகித் திருமுழுக்குப் பெற்றதில் அரசரின் கோபம் அருளானந்தர் மேல் திரும்பியது. சிறையில் கரியைக் கரைத்துக் கடிதம் எழுதிய அவரை 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் வெட்டினார்கள். அங்கே இன்று கூடும் கூட்டத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

நம் கடற்கரை ஊரான வேதாளையையும் மறக்காதே. அந்தோணி கிரிமினாலி அடிகள் 1549-இல் அங்கே கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 29. ஊரைத் தாக்கப் படை வந்தபோது, மக்களைப் படகுகளில் ஏற்றிவிட்டுத் தாம் கரையிலேயே நின்றார். ஆனால் அந்தச் சண்டை மூண்டதற்குக் காரணம், இராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியர் சுங்கம் பறித்தது. அடுத்தவர் பக்தியை அதிகாரத்தால் நெருக்கியவர்களின் பழி, அன்பாக வாழ்ந்த ஒரு குருவின் தலையில் விழுந்தது. நற்செய்தியின் பக்கத்தில் எந்த வகை நெருக்குதலும் நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம்.

அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நீ செவிலி. கட்டிலில் கிடக்கும் நோயாளி, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக முடியாது. அவர்களாகக் கேட்டாலன்றி அங்கே மதம் பேசாதே. அவர்கள் உடம்பைத் துடைக்கும்போது உன் கை மென்மையாக இருக்கட்டும், மனதுக்குள் செபம் ஓடட்டும். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. மாற்றுகிறவர் நாம் இல்லையே!

உன் தோழியிடம் பேசு, வெட்கப்படாதே. அவள் குலதெய்வத்தைக் குறைத்து ஒரு சொல்லும் வேண்டாம். இயேசுவிடம் வந்தால் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடும் என்று வாக்குக் கொடுக்காதே. அவர் கொடுக்காத வாக்கை நாம் கொடுக்கக் கூடாது. உனக்கு அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல். அவள் பேசும்போது குறுக்கிடாமல் கேள்.

பக்கத்து வள்ளத்து மாமாவை உனக்குத் தெரியும். வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைக்கும்போது, கால் பெருவிரலில் நூலை மாட்டி இழுத்தபடியே என்னிடம் இயேசுவின் கதைகளைக் கேட்பார். ஊதாரி மகன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். "அந்த அப்பா ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தாரே, அதுதான் பெரிது" என்பார். இன்றும் தம் வழக்கப்படி முனியசாமிக்குப் பொங்கல் வைக்கிறார். சென்ற ஆண்டு, கோபித்துக்கொண்டு திருப்பூர் போன தம் மகனைத் தாமே தேடிப் போய் அழைத்து வந்தார். அது எதனால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்காக நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். அவர் என் நண்பர், எப்போதும் அப்படியே.

நீயும் அவள் பெயரைச் சொல்லித் தினமும் வேண்டிக்கொள். பலன் கேட்டு அவளை நச்சரிக்காதே. ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வரும்போது, அவளுக்கு விருப்பம் இருந்தால் அழைத்து வா. எல்லா மதத்தாரும் வந்து போகிற இடம், கூச்சப்படத் தேவையில்லை. அவள் மீன் சாப்பிடுவாளா என்று முன்கூட்டியே எழுது. அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா