கழுத்தில் மாலையாகப் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பிராணிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்கி வந்த அன்றே பால் பைத்தான் என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்றைக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு இளைஞர் ஒருவர் நிற்கும் படம்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. என் மகனும் அதையேதான் செய்தான். அதன்பின் ஐந்து வாரம் அந்தப் பாம்பு இரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் காணப்படும் இப்பாம்பு, பகலில் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வெளியே வருவது. அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதே ‘பால்’ (ball, அதாவது பந்து) என்ற அதன் ஆங்கிலப் பெயருக்குக் காரணம். (பெயரைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் பாலோடு வந்து நின்றார், அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டுமே.) ஆகவே, புது இடத்தில் முதல் ஒரு வாரமாவது அதைத் தொடாமல், யாருக்கும் எடுத்துக் காட்டாமல் விட்டுவிடுவதுதான் நாம் காட்டக்கூடிய அன்பு. அதன்பின் முதல் இரையைக் கொடுக்கலாம். இரண்டு மூன்று முறை ஒழுங்காக இரையெடுத்த பிறகே கையில் எடுக்கலாம். அப்போதும் இரை விழுங்கிய இரண்டு நாளுக்கு அதை அசைக்கக் கூடாது. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுச் சென்றால் அது பாம்பையே கடித்துக் குதறிவிடும்.

பெட்டி, பாம்பு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி அளவில் வெப்பம், இருபுறமும் உடலை ஒட்டினாற்போல் ஒளிந்துகொள்ள இடம், பூட்டக்கூடிய மூடி ஆகியவை அவசியம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் சென்னை வெயிலில் பெட்டியைச் சூடாக்கும் ஹீட் பேடை ஓயாமல் எரியவிடுவதும், அதே பெட்டியை இரவில் ஏசி அறையில் வைப்பதும் இங்கே நடக்கின்றன. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேடைப் பொருத்தினால் வயிற்றுத் தோல் வெந்துவிடும். ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், சட்டை ஒரே உரியாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்கிறது. எங்களுக்கு விற்றவர் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. மாறாக, இரை எடுக்காவிட்டால் வாயைத் திறந்து திணிக்கச் சொன்னார். நல்லவேளையாக, நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்து, அது குறையாதவரை பொறுத்திருக்கச் சொன்னார்.

கட்டுரை சட்டத்தைத் தொடவேயில்லை. நம் நாட்டு மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். வெளிநாட்டு இனமான பால் பைத்தானையும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இப்பாம்புகள் பலமுறை பறிமுதல் செய்யப்பட்டிருப்பதால், ஆவணமின்றி விற்பவரிடம் வாங்கக் கூடாது.

இதன் தொடர்ச்சியாக மற்றொரு கட்டுரை வெளியிடுவதாயின், கழுத்தில் தொங்கும் பாம்புக்குப் பதிலாக, அது தங்கும் பெட்டியின் படத்தைப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
சென்னை