காசு தந்தவர்களுக்கும் பனங்கட்டி தந்தவருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஹொஸ்பிஸுக்கு, அதாவது சாவை நெருங்கியவர்களைப் பராமரிக்கிற இல்லத்துக்கு, காசு சேர்க்க நான் ஓடிய லண்டன் மரதன் முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்க இப்போதுதான் முடிகிறது. மடல் பிந்தியதற்குக் காலைச் சாட்டலாம், ஆனால் எழுதுவது கையால்தானே. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்ததுதான் உண்மை.

முதலில் கணக்கு. உங்களிடமிருந்து சேர்ந்தது 3,460 பவுண்ஸ். இங்கே வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் பெட்டியில் சரி போட்டால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து வரும். அப்படி 620 வந்தது. மொத்தம் 4,080. மரதனில் ஓடுவதற்கு இடம் தந்தது அந்த ஹொஸ்பிஸ். அந்த இடத்தை அவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், அதனால் 2,000 சேர்த்துத் தருவேன் என்று கையெழுத்து வைத்திருந்தேன். சப்பாத்தும் மற்றச் செலவுகளும் என் காசு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிளிமஞ்சாரோ ஏறுகிறோம் என்று சேர்க்கிற காசில் ஒரு பங்கு சிலவேளை பயணச் செலவுக்கே போய்விடுகிறதே, நீ எப்படி என்று ஒரு மாமா முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டுவிட்டு நூறு பவுண்ஸும் போட்டார்.

பெரியம்மா கேட்டதற்குத்தான் அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "ஏன் பிள்ளை, ஓடி முழங்காலை உடைக்கிற நேரம், இருக்கிற காசைக் குடுத்திட்டு வீட்டில இருக்கலாமே?"

பெரியம்மா, நானாகக் கொடுத்திருந்தால் இருநூறு கொடுத்திருப்பேன். மிச்சத்தை நாலு பேரிடம் கேட்க வேண்டும். எனக்கோ வெறுங்கையோடு போய்க் கேட்க வாய் வராது. ஓடப்போகிறேன் என்று சொன்னால் கதை ஓட்டத்தைப் பற்றியதாகிவிடுகிறது. "நீயா? பஸ்ஸுக்கே ஓடமாட்டியே!" என்று சிரித்துக்கொண்டே ஃபோனை எடுத்து இருபது பவுண்ஸ் போடுகிறார்கள். கேட்ட எனக்கும் கூச்சமில்லை, கொடுத்தவருக்கும் தர்மம் செய்கிற பாரமில்லை. சிலர் சிரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்தித் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். ஆறு வருடம் பக்கத்து மேசையில் இருந்த ஒருவருடைய மனைவியும் ஒரு ஹொஸ்பிஸில்தான் கண்மூடினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா கடைசி 19 நாளும் எனக்கு இடம் தந்த ஹொஸ்பிஸில்தான் இருந்தார். விழுங்க முடியாமல் போன பிறகு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று நேர்ஸ் கேட்டார். வெறும் தேத்தண்ணி, சீனி கூட என்றேன். அப்படியே போட்டு ஆறவைத்து, மெல்லிய தூரிகையைத் தோய்த்து அவருடைய உதட்டை நனைத்தார். அப்பா நாக்கை நீட்டி உதட்டை ஒருதரம் தடவினார். எங்களிடம் ஒரு பென்ஸ் வாங்கவில்லை. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களுக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைப்பது செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்துக்குப் பழைய உடுப்புக் கடை, மரணசாசனத்தில் எழுதி வைத்த காசு, பிறகு என்னைப் போல ஓடத் தெரியாமல் ஓடுகிறவர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கொப்புளம் போட்ட பாதத்தைப் படம் பிடித்துப் போட்ட அன்றுதான் ஆகக் கூடுதலான காசு வந்தது. கேக் விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. நல்லூர்க் கோயிலில் வெயிலில் நிலத்தில் உருண்டு பிரதட்டை பண்ணுகிறவர் வரும்போது கூட்டம் தானாக விலகி வழிவிடும், யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள். மற்றவன் நோவதைப் பார்த்தால் நமக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருக்கிறது. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சாளிடம் இதைச் சொன்னேன். "இதைத்தானே டெரி ஃபொக்ஸ் செய்தவர்" என்றாள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்தப் பெடியன், செயற்கைக் காலோடு 1980இல் 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்குக் கிட்ட நிற்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஒரு டொலர் என்று கனடாவிடம் கேட்டான், அடுத்த வருடம் பெப்ரவரிக்குள் நாட்டின் சனத்தொகை அளவுக்கே, 2 கோடியே 40 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. மச்சாளின் பிள்ளைகள் செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் அவன் பெயரால் ஓடுகிறார்கள்.

அந்த நாளைப் பற்றியும் கொஞ்சம். கிறீனிச்சிலிருந்து டவர் பிரிட்ஜ் வரை, பாதித் தூரம், சனத்தின் சத்தத்திலேயே போய்விட்டது. சட்டையில் பெயர் எழுதச் சொன்னார்கள். முழுப்பெயருக்கு நெஞ்சில் இடம் போதாது என்று முதல் நாலெழுத்தை மட்டும் போட்டேன். அதையும் ஆளுக்கொரு மாதிரிக் கூப்பிட்டார்கள், எல்லாவற்றுக்கும் கையசைத்தேன். கனரி வோர்ஃபில், 30 கிலோமீற்றருக்குக் கிட்ட, கால் மரக்கட்டையாகிவிட்டது. ஓரமாக நின்று இடுப்புப் பையைத் திறந்தேன். ஈஸ்ட்ஹாம் கடை அண்ணா, பயிற்சிக் காலம் முழுக்கத் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் என் உண்டியலை வைத்திருந்தாரே, அவர் முதல் நாள் ஓலைக் குட்டானோடு தந்த பனங்கட்டி இருந்தது. இந்த ஊர் ஜெல் எல்லாம் எனக்குப் பசை மாதிரி. ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன், அப்புறம் ஓடினேன். முடிக்க 5 மணி 52 நிமிடம்.

விடியாத மார்கழிக் குளிரில் வொன்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியில் என்னோடு கூட ஓடிய மூன்று பேருக்கும், ஞாயிறுகளில் சமையலைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரருக்கும், ஐந்து பவுண்ஸ் போட்டுவிட்டுப் பெயர் போடாமல் போன எல்லோருக்கும் நன்றி. உண்டியலில் இருந்த சில்லறை 3,460இல் அடக்கம், அண்ணா. எண்ணியது நீங்கள்தான், ஆனாலும் சொல்கிறேன்.

பெரியம்மா, முழங்கால் உடையவில்லை. இடது பெருவிரல் நகம்தான் கறுத்துப் போயிருக்கிறது, இன்னும் விழவில்லை. தினமும் ஃபோன் எடுத்துக் கேட்கிறீர்கள் என்பதால் எழுத்திலேயே தந்துவிட்டேன்.