பவளத் தொட்டி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். மாதக் கூட்டங்களில் எதைக் கற்றோம், பவளம் வளர்க்கும் நம் கடல்நீர்த் தொட்டிகளில் எதை இழந்தோம், ஏன் இழந்தோம் என்பதை மட்டும் இந்த அறிக்கையில் சொல்கிறேன்.

முதலில் சங்க விதி. கல் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், கடல் விசிறி, தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றைக் கொண்டுவருவதோ கைமாற்றுவதோ நம் சங்கத்தில் கிடையாது. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும் அப்படியே. தோல் பவளம், காளான் பவளம், பொத்தான் போன்ற சோவாந்தஸ் முதலிய மென்மையான வகைகளை மட்டும், ஒரு உறுப்பினர் தொட்டியில் வளர்ந்ததை வெட்டிப் பதியம் போட்டு, அடுத்தவருக்குத் தருகிறோம். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 1986இல் 21 தீவுகளுடன் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் இரண்டு தீவுகள் பின்னர் கடலுக்குள் போய்விட்டன. நம் வரவேற்பறை அழகுக்காக அங்கிருந்து ஒரு விரல் அளவும் வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தண்ணீர்

இந்த ஆண்டு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியவை. நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு குழாய்: ஒன்றில் நல்ல தண்ணி, மற்றதில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணி, அதாவது போர் தண்ணி. கடல் தொட்டிதானே, உப்புத் தண்ணியே ஊற்றினால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். போர் தண்ணியில் இருக்கும் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. போரில் வருவது கடினத்தன்மை, நைட்ரேட், சிலிக்கேட். சிறுவாணித் தண்ணி குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதில் குளோரின் உண்டு. இரண்டுமே ஆர்.ஓ. சவ்வையும் அதன் பின் மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினையும் தாண்டி, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டிய பிறகே தொட்டிக்குப் போக வேண்டும்.

குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும் என்பதால், குழாய்த் தண்ணிக்குச் சவ்வின் முன்னால் கார்பன் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள். போர் தண்ணியில் சுண்ணாம்பு படிந்து சவ்வு அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை ஃபிளஷ் செய்தால் ஆயுள் கூடும். ரெசின் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றவர்களுக்கு ஒரு விளக்கம்: போர் தண்ணியில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைச் சவ்வு தடுக்காது, அது நேராக ரெசினைத் தின்னும். ஆர்.ஓ. தண்ணியை டிரம்மில் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்து, பிறகு ரெசின் வழியாக விட்டால் ரெசின் கூடுதல் நாள் வரும். கழிவுத் தண்ணியை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். தென்னை தாங்கும், பூச்செடித் தொட்டிக்கு வேண்டாம்.

உப்புக் கலவை லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், உப்படர்த்தி 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு). கடையில் வாங்கும் கல் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் உப்பளத்திலேயே பிரிந்து போய்விடுகின்றன. சிலர் பொன்னானிப் பக்கம் போய்க் கேனில் கடல் தண்ணி எடுத்து வருகிறார்கள். நம் ஆழியாற்றுத் தண்ணியும் கடைசியில் பாரதப்புழையாக அங்கேதான் கடலில் விழுகிறது. ஆகவே ஆனி, ஆடி மழையில் முகத்துவாரத்துக் கடல் தண்ணி உப்புக் குறைந்து, சேறு கலந்து கிடக்கும். எடுப்பதானால் மழையில்லாத மாதத்தில், ஆற்று முகத்தை விட்டுத் தள்ளி எடுத்து, இருட்டில் மூடி இரண்டு வாரம் வைத்து, வடிகட்டி, அளந்து பாருங்கள்.

தொட்டித் தண்ணியில் இருக்க வேண்டிய அளவுகள்: கார்பனேட் கடினம் 8 முதல் 9 டி.கே.எச். (கடினத்தை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 5 முதல் 15. நைட்ரேட்டை 0 ஆக்கிவிட்டுப் பெருமைப்பட வேண்டாம். மென்பவளம் சுருங்கும், மணல்மேல் பழுப்பு நிறக் கொழகொழப்பு வரும். கடினம் குறைந்தால் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் 1 டி.கே.எச். ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். சுண்ணாம்பு நீர் விடுபவர்கள் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்து, தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பி.எச். (காரத்தன்மையின் அளவு) 12க்கு மேல், மொத்தமாக ஊற்றினால் மீன் மிஞ்சாது. வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது வேண்டாம்.

வெயிலும் மின்தடையும்

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் இது பெரும்பாடு. தண்ணிமேல் வீசும் சிறு மின்விசிறி 2 முதல் 3 டிகிரி இறக்கும், ஆனால் ஆவியாதல் கூடும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 5 லிட்டர் போனால், ஒரு நாள் ஊற்ற மறந்தாலே உப்படர்த்தி 35 என்பது 36ஐத் தொடும். ஆவியாவது நன்னீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஆகவே ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணியால் ஈடு செய்த தொட்டிகளில் பவளம் வாரக்கணக்கில் மூடியே கிடந்தது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலைவரை போகும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம். டி.சி. மோட்டார் வைத்திருப்பவர்கள் அதன் வோல்ட்டுக்கு ஏற்ற பேட்டரியை நேரடியாக இணைக்கலாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்பு சூடாகி இரையும். மின்சாரம் போனதும் மேல் தொட்டித் தண்ணி திரும்பும் குழாய் வழியே சம்ப்பு என்ற கீழ்த் தொட்டிக்குள் இறங்கித் தரையெல்லாம் வழிந்த வீடுகள் உண்டு. திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டால் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுபடும். அந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும், மாதம் ஒரு முறை குத்திவிடுங்கள்.

இன்னொன்று: தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளில் காற்றுப் பம்பு அந்தப் புகையைத் தொட்டிக்குள் இழுக்கும். இறாலும் நண்டும் முதலில் சாகும். சன்னலை மூடிவிட்டு, அந்த நேரம் பம்பை நிறுத்துங்கள்.

பதியம்

பதியம் ஒட்ட வைக்கும் வட்டுகளைக் கடையில் வாங்காமல் நாமே வார்த்தோம். சிமென்ட் 1 பங்கு, கோழித் தீவனத்துக்கு விற்கும் சிப்பித் தூள் 3 பங்கு, துளை விழக் கொஞ்சம் கல் உப்பு. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணி. பாட்டில் மூடியில் அடைத்து, ஈரத்துணி போட்டு ஒரு வாரம். பிறகு தண்ணியில் ஊறப்போட்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றினால் உப்பு கரைந்து, சிமென்ட் காரமும் இறங்கும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஊறிய தண்ணியின் பி.எச். 8.5க்குக் கீழே நிற்கும்வரை பொறுக்காத வட்டுகள்தான் இந்த ஆண்டு பதியங்களைக் கருக்கின.

தோல் பவளத்துக்கு உடனடிப் பசை பிடிக்காது. அது விடும் கோழை பசையைத் தள்ளிவிடும். தொட்டித் தண்ணி நிறைந்த தனி வாளியில் வைத்து, புது பிளேடால் தொப்பியின் ஓரத்தை ஒரே அழுத்தில் வெட்டுங்கள், அறுக்க வேண்டாம். 2 முதல் 3 செ.மீ. துண்டுகளை வேறு வாளியில் அலசி வட்டின்மேல் வையுங்கள். ரப்பர் பேண்டை நேரடியாக மாட்டினால் சதையை அறுத்துவிடுகிறது. திருப்பூரில் கிடைக்கும் மெல்லிய நெட் துணியைப் போர்த்தி, ரப்பர் பேண்டை வட்டின் அடியில் போடுவதே நல்லது. முதல் இரண்டு நாள் மெல்லிய நீரோட்டம், பிறகு மிதமான ஓட்டம். கோழை தேங்கினால் அழுகும். இரண்டு மூன்று வாரத்தில் பிடித்துவிடும். கறுத்து நாறும் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். வெட்டு நடந்த அன்றே தொட்டி வடிகட்டியில் உள்ள கார்பனை மாற்றுங்கள், ஏனெனில் தோல் பவளம் விடும் வேதிப்பொருள் மற்றவற்றைச் சுருக்கும். காளான் பவளத்தை வாய் நடுவே இரண்டாகவோ நான்காகவோ வெட்டி, சிப்பித் துண்டுகள் பரப்பிய டப்பாவில் விட்டு, மேலே நெட் கட்டினால் போதும்.

சோவாந்தஸ், அதன் உறவான பாலித்தோவா வகைகளில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. 1971இல் ஹவாயில் பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுத்த பாலிடாக்சின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. உயிரணுவின் சோடியம், பொட்டாசியம் பம்பையே அது குலைத்துவிடும். கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள், தண்ணிக்குள்ளேயே வெட்டுங்கள், மின் அறுவைக் கருவி வேண்டாம். அந்தக் கல்லைக் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ அறவே கூடாது, ஆவியிலேயே நஞ்சு வரும். மூச்சிறைப்போ கண் எரிச்சலோ வந்தால் மருத்துவரிடம் பவளத்தின் பெயரையும் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த வகையைத் தருவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

கைமாறும் எந்தத் துண்டும் நான்கு வாரம் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். மருந்தில் முக்கினால் பூச்சி விழும், முட்டை சாகாது; அது பொரித்து வரும் நாள்வரை காத்திருப்பதற்குத்தான் இந்த நான்கு வாரம். ஐப்டேசியா என்ற களைக் கடற்சாமந்தி வந்தால் கிள்ளாதீர்கள், விழுந்த துணுக்கெல்லாம் புதிதாக முளைக்கும். முன்பு சொன்ன அதே சுத்தமான சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஊசியால் அதன் வாயில் செலுத்துங்கள்.

வரும் ஆண்டில் டி.ஐ. ரெசினைச் சேர்த்து வாங்கிப் பிரித்துக்கொள்ளக் குழு ஒப்புதல் கேட்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் உப்படர்த்தி அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து வாருங்கள். நன்னீரில் 0 வைத்தால் மட்டும் போதாது, 35 பி.பி.டி. அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். திரவத்தைச் சங்கமே வாங்கி வைக்கிறது.

செயலாளர்