ஒரு சுற்று நேரம் போதாது: கிழக்கின் சிம் றேசிங் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிம் றேசிங் (ஸ்டியரிங், பெடல் வைத்துக் கணினியில் ஓடும் கார்ப் பந்தயம்) போட்டி நடத்தும், நடத்த நினைக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கல்லடியில் ஒரு கேம் கடையில் ஐந்து வருசமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான். இப்போது அங்கே வரும் தம்பிமாருக்குப் பழக்கியும் விடுகிறேன். உங்களில் சிலரோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன், சிலரிடம் தோற்றும் இருக்கிறேன். இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்த்தான் ஒரு போட்டியில் ஓடலாம் என்ற நிலையை மாற்றியவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். அடுத்த போட்டிக்குப் பெயர் பதிய முன்னர் இரண்டு விடயத்தைத் திருத்துங்கள்: ஆட்களைத் தெரிவு செய்யும் முறை, புள்ளி போடும் முறை.

சென்ற முறை நான் பார்த்த ஒரு போட்டியைச் சொல்கிறேன். நடத்தியது யார் என்பது இங்கே தேவையில்லை. கேமில் உள்ள இத்தாலியின் மொன்சா ஓடுபாதை, ஜிடி3 வகைப் பந்தயக் கார். ஒரு கிழமைக்குள் யாரும் எங்கிருந்தும் எத்தனை சுற்றும் ஓடலாம். ஆகச் சிறந்த ஒரு சுற்றின் நேரத்தை அனுப்ப வேண்டும். முதல் 12 பேர் இறுதிக்கு. மண்முனைப் பாலம் கடந்து எங்கள் கடைக்கு வரும் ஒரு தம்பி அதற்கு முயன்றான். காசு கொடுத்து மணிக்கணக்கில் ஓடுகிறவன். எங்கள் கடையில் பெடல் மாபிள் தரையில் வழுக்கும், அதனால் பின்னால் ஒரு அரிசி மூட்டையை அண்டக் கொடுத்திருக்கிறோம். பிறேக்கை ஓங்கி மிதித்தால் மூட்டையும் கொஞ்சம் நகரும். கடைசி நாள் அவன் ஓடிய சுற்றில், கடைசி வளைவு வரைக்கும் நேரம் பச்சையாகவே வந்தது, அதாவது அவனது முந்தின நேரத்தைவிட வேகம். வளைவை விட்டு வெளியே வரும்போது கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. திரையில் அந்தச் சுற்று சிவப்பாகி ரத்தானது.

“அண்ணா, நாலு சில்லும் வெளியால போகல்ல, ரீப்ளே போட்டுப் பாருங்க” என்றான்.

போட்டுப் பார்த்தோம். நாலும் போயிருந்தது. நாலு சில்லும் கோட்டுக்கு வெளியே போனால் சுற்று ரத்து. விதி விதிதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவன் கட்டிய காசில் பதினொரு நிமிடம்தான் மிச்சம் இருந்தது. அதற்குள் இன்னொரு நல்ல சுற்று வரவில்லை. 13ஆவதாக நின்றான். 12ஆவதாக வந்தவர் வீட்டில் சொந்தமாக ஸ்டியரிங், பெடல் செட் வைத்திருப்பவர், அந்தக் கிழமையில் 400 சுற்றுக்கு மேல் ஓடியதாக அவரே என்னிடம் சொன்னார். அவரிலும் பிழையில்லை. விதி இடம் கொடுத்தது, ஓடினார். ஆனால் அந்த நேரப்பட்டியலை வைத்து இவர் அவனைவிட வேகமானவர் என்று என்னால் சொல்ல முடியாது. யாரிடம் சாமானும் கரண்டும் நேரமும் இருந்தது என்பதைத்தான் அது காட்டியது.

சாமான் என்று சும்மா சொல்லவில்லை. மலிவான பெடல், கால் எவ்வளவு தூரம் கீழே போனது என்பதை அளக்கும். லோட் செல் உள்ள பெடல், எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளக்கும். உடம்பு அழுத்தத்தைத்தான் நன்றாக நினைவில் வைத்திருக்கும், தூரத்தை அவ்வளவு வைக்காது. அதனால் இரண்டாவது வகையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி பிறேக் பிடிப்பது லேசு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அப்படியொரு பெடலை இங்கே எத்தனை பேரால் வாங்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. மொன்சா முழுக்க நீண்ட நேர்பாதைகள். முன்னால் ஓடும் காரின் காற்று மறைவில் போனால் நேரம் குறையும். 2019இல் அதே மொன்சாவில் ஃபோர்மியூலா 1 தகுதிகாண் சுற்றின் (யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்கும் சுற்று) கடைசி நிமிடங்களில், யாரும் முன்னால் போக விரும்பாமல் எல்லோரும் ஊர்ந்ததில் பலர் தங்கள் கடைசிச் சுற்றைத் தொடங்கவே முடியாமல் போனது. காற்று மறைவுக்கு அவ்வளவு பெறுமதி. அப்படியிருக்க, வீட்டில் நண்பனை முன்னால் ஓட விட்டு எடுத்த நேரத்தையும் தனியே ஓடி எடுத்த நேரத்தையும் ஒரே பட்டியலில் போட்டால் அது நியாயமா? ஓடுபாதையின் வெப்பம், தாங்கியில் உள்ள எரிபொருள் அளவு என்று நேரத்தை மாற்றும் காரணங்கள் இன்னும் உண்டு.

பெரிய இடங்களிலும் வீட்டில் எடுத்த நேரத்தைக் கேட்கிறார்கள்தான். ஆனால் அதை வாசற்கதவாக மட்டும் வைக்கிறார்கள். கிரான் டுரிஸ்மோ என்ற கார்ப் பந்தய கேமின் உலகப் போட்டிகள் 2018இல் எஃப்ஐஏ (உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு) அங்கீகாரத்தோடு தொடங்கியபோது, ஒன்லைன் சுற்றுகளில் பல நாள் ஆளோடு ஆள் மோதிப் புள்ளி சேர்த்துத்தான் மேலே போக வேண்டியிருந்தது. பலமான ஓட்டிகள் இருக்கும் அறையில் வென்றால் அதிகப் புள்ளி, பலம் குறைந்த அறையில் வென்றால் குறைவு. ஃபோர்மியூலா 1இல் 2006 முதல் மூன்று கட்டத் தகுதிகாண்: எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே கடிகாரம்.

எனக்குத் தெரிந்த வழி இது. வீட்டு நேரத்தைக் கேளுங்கள், ஆனால் 107 வீத எல்லை (ஆக வேகமான நேரத்தைவிட 7 வீதம் வரை கூடலாம்) வைத்துக் கேளுங்கள். ஆக வேகமான நேரம் 1 நிமிடம் 48 செக்கன் என்றால், 1 நிமிடம் 55.56 செக்கனுக்குள் ஓடிய அத்தனை பேரும் அடுத்த கட்டத்துக்கு வரட்டும். பிறகு ஒரே மண்டபத்தில், ஒரே செட்டில், பத்து நிமிடம் பழக விட்டு, தனியே ஓடும் மூன்று சுற்று கொடுங்கள். அதில் சிறந்ததை எடுங்கள். ஒரு சுற்று ரத்தானாலும் இரண்டு மிஞ்சும். முப்பது பேர் வந்தாலும் நாலு செட் இருந்தால் ஒரு பகலில் முடிக்கலாம். தயவுசெய்து அந்தப் பகல் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரமாக இருக்க வேண்டாம். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுத் தம்பிமார் சென்ற முறை அதனாலேயே வரவில்லை.

இனிப் புள்ளி. அந்தப் போட்டியில் மூன்று ஓட்டம். முதலாமவருக்கு 10, இரண்டாமவருக்கு 5, மூன்றாமவருக்கு 3, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் ஒரு ஓட்டத்தில் வென்று மற்ற இரண்டிலும் மோதி நின்றால் அவருக்கு 10. இன்னொருவர் மூன்றிலும் யாரையும் இடிக்காமல் மூன்றாவதாக வந்தால் 9. 10 எடுத்தவர்தான் சம்பியன். ஃபோர்மியூலா 1 2010இலிருந்து கையாளும் 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற அட்டவணையில் போட்டுப் பாருங்கள். முன்னவருக்கு 25, பின்னவருக்கு 45.

புள்ளி அட்டவணை ஓட்டத்தின் முடிவில் கணக்குப் பார்க்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து அது ஓட்டியின் காலில் இருக்கிறது. நாலாம் இடத்துக்கு ஒன்றுமில்லை என்றால் நாலாவதாக நிற்கிறவன் பிறேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்க மாட்டான். அன்று மூன்று ஓட்டத்திலும் முதல் வளைவிலேயே ஐந்தாறு கார் குவிந்தது அதனால்தான். தம்பிமார் முரடர்கள் என்று அன்று ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. அவர்களை அப்படி ஓட வைத்தது அந்த 10, 5, 3தான். 2008 ஃபோர்மியூலா 1இல் மாசா ஆறு ஓட்டம் வென்றார், ஹமில்டன் ஐந்துதான் வென்றார். ஆனால் 98க்கு 97 என்று ஒரு புள்ளியால் பட்டம் ஹமில்டனுக்குப் போனது. வெற்றியோடு, வெல்லாத நாளில் எங்கே முடிக்கிறோம் என்பதையும் எண்ணுகிற முறை அது.

இடித்தவருக்கு என்ன தண்டனை என்பதும் எழுத்தில் இல்லை. ஐறேசிங் என்ற ஒன்லைன் சிம் கேமில் பாதைக்கு வெளியே போனால் 1, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரைப் பலமாக மோதினால் 4 என்று தவறுகளைக் கணினி எண்ணும். யார் பிழை என்று அது பார்க்காது, இடித்தவருக்கும் 4, இடிபட்டவருக்கும் 4. ஆயிரக்கணக்கானோர் ஓடும் இடத்துக்கு அது சரிவரலாம். நமக்கு 12 பேர்தான். போட்டியில் ஓடாத இரண்டு பேரை உட்கார்த்தி ரீப்ளே பார்க்க வையுங்கள். இடித்து இடம் பிடித்தால் அவரது நேரத்தோடு ஐந்து செக்கன் கூட்டுங்கள். அடுத்த ஓட்டம் தொடங்க முன்னர் முடிவைச் சொல்லுங்கள்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணிநேர ஓட்டத்தில், முன்னணியில் ஓடிய ஃபோர்மியூலா 1 ஓட்டி வெர்ஸ்டாப்பனுக்கே இணைப்பு அறுந்தது. இங்கே கரண்டும் போகும். இறுதிப் போட்டியையாவது ஒரே மண்டபத்தில் வயர் இழுத்து நடத்துங்கள். அப்போது தூரத்து சேர்வரும் வேண்டாம், பிங் என்ற இணைப்புத் தாமதமும் வேண்டாம். பாதித் தூரத்துக்கு முன் கரண்ட் போனால் திரும்ப ஓட்டுங்கள். பிறகு போனால் கடைசியாக எல்லோரும் முடித்த சுற்றில் நின்ற இடங்களுக்குப் புள்ளி கொடுங்கள். புள்ளியில் சமநிலை வந்தால், அதிக வெற்றி யாருக்கோ அவருக்குப் பட்டம்.

இவ்வளவும் தமிழில் ஒரு பக்கத்தில் அடங்கும். பதிவுக் காசு வாங்க முன்னர் அந்தப் பக்கத்தை எல்லோர் கையிலும் கொடுங்கள். எழுதித் தர நான் வருகிறேன். ரீப்ளே பார்க்க ஆள் தேவையென்றால் அந்த முறை நான் ஓடாமல் உட்காருகிறேன். கடையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ்ஸும் இரண்டு ஸ்டியரிங்கும் இருக்கின்றன, முதலாளியிடம் கேட்டுவிட்டேன், தருவதாகச் சொன்னார். பெடலுக்குப் பின்னால் வைக்க அரிசி மூட்டைக்குப் பதில் ஒரு பலகை அடித்துக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு ஓட்டி