எனக்குப் பின் மணிக்கு யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவது, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சிறு சில்லு) பொருத்துவது குறித்துப் பெருநகர சென்னை மாநகராட்சி வெளியிடும் அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்துவருகிறேன். அதையொட்டி அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். தனியாக வாழும் ஒருவர் இறந்துபோனால், அவர் வளர்த்த நாயோ பூனையோ யார் பொறுப்பு என்பதே அது.

நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வசித்துவந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மாதான். தெருவில் குட்டியாகக் கிடந்ததை அவர் எடுத்து வளர்த்த மணி என்ற நாட்டு நாய்தான் அவருக்குத் துணை. ஒரு விடியற்காலையில் அவர் மாரடைப்பால் காலமானார். மகன் அமெரிக்காவிலிருந்து வந்து சேர இரண்டு நாட்கள் ஆயின. உடலை ஐஸ் பெட்டியில் வைத்து, வாசலில் ஷாமியானா கட்டி, வருகிறவர்களுக்குக் காபி வரை ஏற்பாடு செய்த நாங்கள், மணியை மோட்டார் அறைப் பக்கம் கட்டிவைத்துச் சோறும் தண்ணீரும் வைத்தோம். அதற்கு வலிப்பு நோய் உண்டு என்பதும், காலையிலும் இரவிலும் அரை மாத்திரையைத் தயிர்சாத உருண்டைக்குள் மறைத்துக் கொடுப்பார் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பி வரும். இரண்டாம் நாள் இரவு மணி கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ள, ஐஸ் பெட்டிக்குப் பத்தடி தள்ளிக் கிடந்து துடித்தது. தேடிப் பார்த்ததில் மாத்திரை அட்டை காபிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் அளவையும் நேரத்தையும் எழுதி, அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவைத்திருந்தார். தமக்கு மறந்துவிடக் கூடாதே என்று எழுதிய குறிப்பு அது. இன்னொருவர் படிக்க நேரும் என்று நினைத்து எழுதியதல்ல.

மகனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிடைத்த விடுப்புக்குள் காரியங்களை முடித்து வீட்டையும் ஒழித்துக்கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தார். வீட்டு வேலை செய்துவந்த பெண் மணியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இப்போது மணி என்னிடம் இருக்கிறது. "மணிக்கென்று பேங்கில் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன்" என்று டீச்சரம்மா பலமுறை சொன்னது உண்மைதான், டெபாசிட்டும் இருந்தது. ஆனால் அது மணிக்கானது என்று எந்தத் தாளிலும் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்த நான், அந்த டெபாசிட்டுக்கு நாமினி யார், உயில் எழுதினீர்களா என்று ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. அந்த வருத்தம்தான் இந்தக் கடிதத்தை எழுதவைக்கிறது.

நம் சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு நாய் ஓர் அசையும் சொத்து. சொத்தின் பெயரில் சொத்து எழுத முடியாது என்பதால், நாயின் பெயரில் டெபாசிட் போடவோ அதை நாமினியாகக் காட்டவோ வழியில்லை. அமெரிக்காவில் பிராணிகளுக்கென்றே அறக்கட்டளை ஏற்படுத்தும் சட்டம், 2016-இல் மினசோட்டாவும் சேர்ந்ததோடு எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. நமது 1882-ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டமோ, தனியார் அறக்கட்டளையின் பயனாளி சொத்தை வைத்துக்கொள்ளும் தகுதியுடைய நபராக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நமக்குள்ள நேரான வழி, நாயையும் அதன் செலவுக்கான பணத்தையும் நம்பிக்கையான ஒரு மனிதரின் பெயருக்கு உயில் மூலம் எழுதிவைப்பதுதான். 2024 அக்டோபரில் மறைந்த ரத்தன் டாடா தம் நாயின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்து, அதைத் தம் சமையற்காரரின் பொறுப்பில் விட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. இதற்குக் கோடீசுவரராக இருக்க வேண்டியதில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையொப்பமும், அதை உறுதிசெய்யும் சாட்சிகள் குறைந்தது இருவரின் கையொப்பமும் கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமில்லை என்றாலும், பின்னால் சந்தேகம் எழாமலிருக்கப் பதிந்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நாயையும் பணத்தையும் பெறப்போகிறவர் சாட்சிக் கையொப்பம் போடாமல் இருப்பதும் நல்லது.

உயிலில் நாயின் பெயரோடு மைக்ரோசிப் எண்ணையும் குறிப்பிடலாம். முதலில் சொன்னவரால் முடியாமற்போனால் அடுத்தது யார், நாய்க்குப் பின் மிச்சமிருக்கும் பணம் யாருக்கு என்பதையும் எழுதிவிட வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், பொறுப்பேற்கப்போகிறவரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் வாங்குவது. மணியின் உணவு, மாத்திரை, தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதம் நாலாயிரம் ரூபாய் ஆகிறது. இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு 2,40,000 ரூபாயும், அவசர சிகிச்சைக்கு மேலும் கொஞ்சமும் என் உயிலில் தங்கை மகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

வங்கியில் இருந்தவள் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் காட்டலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆயுள் காப்பீட்டு நாமினி பற்றி உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைத் தெளிவுபடுத்தியது. நாயைப் பார்த்துக்கொள்பவரை நாமினியாக மட்டும் காட்டிவிட்டுப் போனால், சட்டப்படியான வாரிசுகள் அந்தப் பணத்தைக் கேட்க முடியும். நாமினி பெயரும் உயிலும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். "பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவன் பார்த்துக்கொள்வான்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. எழுதியவர் இறந்ததும் அந்த அதிகாரப் பத்திரம் செல்லாது.

பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் உயிலைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கைமாறும்போதும் தெரிவிக்க வேண்டும்.

உயில் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும், அதை எடுத்துப் படித்து நிறைவேற்ற நாட்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மணிக்கு மருந்து தேவைப்பட்டது முதல் நாள் இரவே. அதனால் என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் உறை ஒட்டியிருக்கிறேன். மாத்திரையின் பெயர், அளவு, கால்நடை மருத்துவரின் எண், தங்கை மகளின் எண், தடுப்பூசி அட்டையின் நகல் எல்லாம் அதில் இருக்கின்றன. எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன்.

பட்டினியால் வாட நேரும் வகையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் நம் திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதும், அவர் தலைமையில் 1962-இல் தொடங்கிய விலங்குகள் நல வாரியம் 2018 வரை சென்னையிலிருந்தே இயங்கியது என்பதும் இந்த ஊருக்குப் பெருமை. அந்த ஊரின் மாநகராட்சியிடம் ஒரு வேண்டுகோள். நாய் உரிமத்துக்கான விண்ணப்பத்தில் உரிமையாளரின் விவரத்துக்குக் கீழே, மாற்றுப் பராமரிப்பாளர் ஒருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். மைக்ரோசிப் எண்ணைக் கொண்டு தேடினால் இருவர் விவரமும் வர வேண்டும். உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் அந்த எண்ணும் ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கப்பட்டுவிடும். உரிமையாளர் இறந்த செய்தி கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரோ மாநகராட்சி ஊழியரோ கூப்பிட ஓர் ஆள் இருப்பார்.

மணியின் உரிமத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது அப்படியோர் இடம் விண்ணப்பத்தில் இருந்தால், தங்கை மகளின் பெயரை எழுதுவேன். அவளிடம் கேட்டு, அவள் வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வாசகி,
நங்கநல்லூர், சென்னை.